ஸ்கிராபிளைச் செப்பனிட்டவர்

எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிளை நேற்றிரவு ஆடும்போது மகள் ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் இறக்கி 50 புள்ளிகளைக் கூடுதலாகப் பெற்றதும், அந்த விதியைச் சேர்த்தவரின் பெயரை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பலகை விளையாட்டின் மூலக்கருவைப் படைக்கும் வடிவமைப்பாளரைக் கொண்டாடுகிறோம். அதை ஆடி ஆடிப் பார்த்துச் செப்பனிடும் டெவலப்பரை ஏனோ மறந்துவிடுகிறோம்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணி, தான் உருவாக்கிய இந்த விளையாட்டின் வில்லைகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் அதற்கேற்ப வகுத்தார். சொல்லைப் பன்மையாக்க ‘எஸ்’ மிக எளிதாக உதவிவிடும் என்பதால், 100 வில்லைகளில் நான்கை மட்டுமே அதற்கு ஒதுக்கினார். அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாவது இந்த இடத்தில்தான். ஆயினும் விளையாட்டு நிறுவனங்கள் அவரைத் திருப்பி அனுப்பின.

1948இல் தயாரிப்பு உரிமையைப் பெற்ற ஜேம்ஸ் புரூனோ, விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் பட்ஸுக்குப் பங்கு தர ஒப்புக்கொண்டு, விதிகளை எளிமையாக்கி, புள்ளிகளைப் பெருக்கித் தரும் சிறப்புக் கட்டங்களை இடம் மாற்றி, அந்த 50 புள்ளிகளையும் சேர்த்து, ஸ்கிராபிள் என்று பெயரும் சூட்டினார். பட்ஸின் எழுத்துக் கணக்கில் அவர் கை வைக்கவில்லை. எதைத் தொடக்கூடாது என்று அறிந்திருந்ததே அவருடைய பெருந்திறமை என்பேன். 1949இல் சுமார் 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் இழந்தபோதும் அவர் கைவிடவில்லை.

எங்கள் பெட்டி மூடியின் உட்புறத்தில் மகள் இப்போது இருவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாள்.