விவாகரத்து நகல் வாங்கப் போகிறவர்களுக்கு

பெரம்பூரில் ஜெராக்ஸ், தட்டச்சு, ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். "அம்மா, டைவர்ஸ் நகல் ஒன்று எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டு வருகிறவர்கள் அவ்வப்போது உண்டு. சர்வே எண்ணைத் தட்டினால் வில்லங்கச் சான்றிதழ் வருவதுபோல, பெயரைத் தட்டினால் இதுவும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. திருமணத்தைப் பதிவுசெய்ய சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. விவாகரத்துக்கு அப்படித் தனிப் பதிவேடு கிடையாது. எந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதோ, அந்த நீதிமன்றத்திடம்தான் நகல் கேட்க வேண்டும்.

இதைப் பலருக்குச் சொல்லியிருந்தாலும், முழுப் பாதையையும் நடந்து பார்த்தது பெரியம்மா மகளுக்காகத்தான். பெரியப்பா ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் பெரியம்மாவுக்கு வந்தது. பெரியம்மாவும் போனபின் அக்காவுக்கு வருமானம் என்று எதுவும் இல்லை. விவாகரத்தான மகளுக்கு 25 வயதுக்குப் பிறகும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று மத்திய அரசு 2004இல் விதியை மாற்றியது பலருக்குத் தெரியாது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தீர்ப்பு வந்திருக்க வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். 2017 ஜூலையில் அதையும் தளர்த்தினார்கள்: பெற்றோரில் ஒருவராவது இருக்கும்போது மனு தாக்கலாகியிருந்தால் போதும், தீர்ப்பு பிறகு வந்தாலும் ஏற்பார்கள். ஆகவே ஓய்வூதியத்துக்காக நகல் வாங்குகிறவர்கள் தீர்ப்புத் தேதியை மட்டும் பார்க்காதீர்கள். மனு தாக்கலான தேதியும் காகிதத்தில் தெரிய வேண்டும்.

அக்காவிடம் நகல் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பக்கமெல்லாம் தண்ணீரில் கிடந்தபோது, கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. காய வைத்துப் பிரித்தபோது தாள்கள் அப்பளம்போல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முதல் பக்கத்தில் ஆண்டு தெரிந்தது, 2004. அதற்கு முன்னால் இருந்த எண் மை கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. 'ஹெச்.எம்.ஓ.பி.' என்ற எழுத்துகள் மட்டும் தப்பியிருந்தன.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தின் வழக்குகளில் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) என்று எண் போடுவதுதான் நான் பார்த்த வழக்கம். சென்னைக்கு வெளியில் சார்பு நீதிமன்றங்களில் இந்துத் திருமணச் சட்ட மனுக்கள் ஹெச்.எம்.ஓ.பி. என்று வரும். எங்கள் மாமா ஒருவர் மட்டும் "நாமெல்லாம் மெட்ராஸ்காரர்கள், ஐகோர்ட் வளாகத்தைத் தவிர வேறு எங்கே நடந்திருக்கும்?" என்று நின்றார். அக்காவோ, "மாமா, திருவொற்றியூரில் ரயில் ஏறிப் பொன்னேரி கோர்ட்டுக்குப் போனது நான்தானே?" என்றாள்.

இதை வடசென்னைக்காரர்கள் கவனமாகக் கேளுங்கள். அக்கா வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூரில். திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் 2011இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. சென்னை மாவட்டத்தின் எல்லை விரிந்தது 2018இல். அதற்குமுன் அவை திருவள்ளூர் மாவட்டம். 1997க்கு முன்னால் செங்கல்பட்டு. இன்று வீட்டுக்கு மாநகராட்சி வரி கட்டுகிறோம் என்பதற்காக அன்றைய வழக்கு சென்னையில் இருந்துவிடாது. வழக்குப் போட்ட நாளில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பாருங்கள்.

எங்கே வழக்குப் போட்டிருக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் கணக்கு உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பு வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் இவற்றில் எங்கும் போடலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு, மனுதாரர் மனைவியாக இருந்தால் அவர் வசிக்கும் ஊரிலும் போடலாம். குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை என்றால் இந்த நாலு ஊரையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

நீதிமன்றம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி வழக்கு எண். நகல் தொலைந்ததற்குத்தான் எல்லோரும் அழுகிறார்கள். நகலை மறுபடி வாங்கிவிடலாம், எண் இல்லாமல் போனால்தான் அலைச்சல். பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ், ஜீவனாம்ச வழக்கு இருந்திருந்தால் அதன் காகிதங்கள் என்று எதிலாவது எண் ஒளிந்திருக்கும். வக்கீல் காலமாகியிருந்தாலும் அவருடைய ஜூனியரிடமோ குமாஸ்தாவிடமோ பழைய டைரிகள் இருக்கலாம். எதிர்த்தரப்பு மறுமணம் செய்து பதிவும் செய்திருந்தால் அவரிடம் நகல் இல்லாமல் இருக்காது. இந்த யோசனையைச் சொன்னபோது அக்கா, "அந்த மனிதரிடம் கேட்டு வாங்கும் காகிதத்தில் எனக்குப் பென்ஷன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

அதனால், நீதிமன்ற வழக்குகளின் விவரங்களைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உட்கார்ந்தேன். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, தரப்பினர் பெயரில் தேடலாம். பெயரில் குறைந்தது மூன்று எழுத்து, பதிவான ஆண்டு, நிலுவையா முடிந்ததா என்பது ஆகியவற்றைக் கேட்கும். 'இரண்டும்' என்பதையே தேர்ந்தெடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்பதில்தான் வம்பு. சண்முகம் என்ற பெயரை ஒருவர் 'எஸ்'ஸோடு 'ஹெச்' சேர்த்து எழுதுவார், இன்னொருவர் சேர்க்க மாட்டார். முழுப் பெயரை அடிக்காமல், எப்படி எழுதினாலும் மாறாத மூன்று நான்கு எழுத்துகளை அடியுங்கள். வழக்கு அகப்பட்டால், எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று வரும்; அந்த வழக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண் அது. அதையும் குறித்து வையுங்கள். பழைய வழக்குகள் எல்லாம் கணினியில் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிடைக்காவிட்டால், நீதிமன்றத்தின் அந்த ஆண்டு வழக்குப் பதிவேட்டில் தேடித் தரும்படி மனுக் கொடுக்க வேண்டியதுதான்.

எண் கிடைத்ததும் நகல் மனு. வழக்கின் தரப்பினர் என்றால் தாமே கொடுக்கலாம். வக்கீல் மூலம் என்றால் வக்காலத்து வேண்டும். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், இரு தரப்பின் பெயர், தீர்ப்புத் தேதி, எந்தெந்த ஆவணம் என்று எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். ஆவணம் என்ற இடத்தில் வெறுமனே 'தீர்ப்பு' என்று எழுதாதீர்கள். தீர்ப்புரை தனி, தீர்ப்பாணை தனி. திருமணம் கலைந்தது என்று சுருக்கமாகச் சொல்வது தீர்ப்பாணை, காரணங்களைச் சொல்வது தீர்ப்புரை. இரண்டையும் கேளுங்கள். ஓய்வூதிய அலுவலகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் கையில் ஒன்று இருக்க வேண்டுமே, அதற்காக இரண்டு படிகளாகக் கேளுங்கள்.

வழக்குக் கட்டு ஆவண அறையிலிருந்து வந்தபின் பக்கங்களை எண்ணி, இன்ன மனுவுக்கு நகல் எடுக்க இத்தனை தாள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போடுவார்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மனுக் கொடுத்துவிட்டோம், வீட்டுக்கு வந்துவிடும் என்று இருந்துவிடுவார்கள். பலகையைப் பார்த்து, குறித்த நாளுக்குள் தாளோ கட்டணமோ செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும்.

அக்காவின் நகல் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது கடைசிப் பக்கத்தின் பின்புறத்தை. அங்கே ஒரு ரப்பர் முத்திரையில் வரிவரியாகத் தேதிகள்: மனுக் கொடுத்தது, தாள் கேட்டது, தாள் கொடுத்தது, நகல் தயாரானது, பெற்றுக்கொண்டது. மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழிக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறார்கள். அக்காவுக்கு இனி எந்த மேல்முறையீடும் இல்லை. ஆனாலும் அந்த முத்திரையும் கையொப்பமும் இல்லாத தாள் வெறும் ஜெராக்ஸ்தான். ஜெராக்ஸ் கடைக்காரியே சொல்கிறேன்.

இன்னொன்று. தீர்ப்பு வந்தபோதே இரு தரப்புக்கும் ஒவ்வொரு தீர்ப்பாணை நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. புதிதாகத் தீர்ப்புப் பெறுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை தேடினாலும் கிடைக்காத நகல்களும் உண்டு. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 'இன்றுமுதல் நமக்குள் சம்பந்தமில்லை' என்று எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி வைத்திருப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டவர்களும் வருகிறார்கள். சாதி வழக்கம் என்று நிரூபித்தால் ஒழிய இந்துக்களுக்கு அது விவாகரத்தே அல்ல. நீதிமன்றத்தில் என்ன இருக்கும் தேடுவதற்கு? முஸ்லிம் பெண்கள் குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து, சான்றிதழோடு வருவதுண்டு. தனியார் அமைப்புகள் தரும் சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: பழைய வழக்கு என்றால் அது உயர்நீதிமன்றத்திலேயே நேரடியாக நடந்திருக்கலாம், ஆகவே அங்கும் தேட வேண்டும். சர்ச் தரும் ரத்துக் கடிதம் வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு.

நகலுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஒருவர் என் கடைக்கே வந்து கமிஷன் பேசினார். அடுத்த தெருவில் நல்ல டீ கிடைக்கும் என்று அனுப்பிவிட்டேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன என்பவர்களுக்கு: நீதிமன்ற நகலை நீதிமன்ற விதிப்படிதான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்த்துவிட்டது.

அடுத்தவர் நகலைக் கேட்கிறவர்களும் வருகிறார்கள். மூன்றாம் தரப்பினர் என்றால் எதற்கு வேண்டும் என்று பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்து, நீதிபதி அனுமதித்தால்தான் கிடைக்கும். திருமண வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்க வேண்டும், விவரங்களை அச்சிட்டு வெளியிடக் கூடாது என்று 22ஆம் பிரிவே இருக்கிறது. ஒரு பெண் கூண்டில் நின்று அழுதுகொண்டு சொன்னதைத் தெரு முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

மகளுக்கு இரண்டாம் சம்பந்தம் பார்த்த அப்பா ஒருவர், மாப்பிள்ளைக்கு முதல் திருமணம் முடிந்துவிட்டதா என்று பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டாரிடமே சான்றிட்ட நகலைக் கேளுங்கள், அதிலிருக்கும் எண்ணைக் கொண்டு வாருங்கள், இ-கோர்ட்ஸில் போட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததா என்பதையும் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அதற்குமுன் மறுமணம் செய்ய முடியாது. நகலைக் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்களே என்றார். கோபித்துக்கொள்ளட்டும், நகலைக் கொடுத்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும் என்றேன்.