போர்ட்டர் ஸ்கொயரில் விட்ட ரயில்

"சித்தப்பா, போர்ட்டர்ல எஸ்கலேட்டர் ஏறவே நேரமாகும். கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்க" என்று அண்ணன் மகள் காலையிலேயே சொன்னாள். தலையாட்டிவிட்டு, ஹார்வர்டு ஸ்கொயரில் காபியை உறிஞ்சிக்கொண்டு நின்று, ஆற அமரத்தான் பாஸ்டன் சுரங்க ரயிலின் ரெட் லைன் வண்டியில் ஏறினேன். அடுத்த நிறுத்தமே போர்ட்டர். அங்கே ஃபிட்ச்பர்க் புறநகர் ரயிலுக்கு மாறி கான்கார்டு என்ற ஊருக்குப் போவதாகத் திட்டம்.

இறங்கிப் பார்த்தால் ஒரே குகை. பாஸ்டன் சுரங்க ரயிலில் இதைவிட ஆழமான நிலையம் கிடையாது; தெருவிலிருந்து 105 அடி கீழே. வீம்புக்காக இவ்வளவு ஆழம் தோண்டவில்லை. மேலே இருப்பது இளகிய மண், கீழே கெட்டிப் பாறை. மண்ணோடு மல்லுக்கட்டுவதைவிடப் பாறையைக் குடைவது மலிவு என்று இறங்கிவிட்டார்கள். 1984 டிசம்பரில் நிலையம் திறந்தது.

அந்த நீண்ட எஸ்கலேட்டரில் கால் வைத்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. ஏறும் படிக்கும் இறங்கும் படிக்கும் நடுவே ஒரு சரிவு. அதில் கையுறைகள் உருண்டு வருகின்றன! உண்மையில் எதுவும் உருளவில்லை, எல்லாம் வெண்கலம். ஒன்று மல்லாந்து கிடக்கிறது, ஒன்று விரல்களை மடக்கி நழுவுகிறது, அடிவாரத்தில் ஒரு குவியலே கிடக்கிறது. மேக்ஸ் ஹாரிஸ் என்ற சிற்பியின் வேலை. ரெட் லைனை நீட்டியபோது நிலையங்களுக்கென்றே கலைப்படைப்புகள் செய்யச் சொன்னார்களாம். அதில் பிறந்தது இது. பனிக்காலத்தில் ஊரே ஒற்றைக் கையுறையைத் தொலைத்துக்கொண்டிருக்கும். தொலைந்ததெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது போலிருக்கிறது.

ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. மணிக்கட்டுச் சுருக்கம்கூட அப்படியே இருக்கிறது. மேலே போனதும் சும்மா இருக்காமல் திரும்பக் கீழே இறங்கி, குவியலைப் படம் எடுத்து, மறுபடி ஏறினேன். அண்ணன் மகள் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

புறநகர் ரயில் சாலை மட்டத்துக்குக் கீழே, ஆனால் திறந்தவெளியில் ஓடுகிறது. நான் பிளாட்பாரத்துக்கு வந்தபோது ஊதாப் பட்டை போட்ட கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அடுத்த வண்டிக்கு நிறைய நேரம் இருந்தது.

சரி, வெளியே வந்தேன். வாசலில் சுசுமு ஷிங்கு என்ற சிற்பியின் மூன்று பெரிய சிவப்பு இறக்கைகள் காற்றுக்குச் சுழல்கின்றன. இன்னும் கொஞ்சம் நடந்தால், 1928இல் சியர்ஸ் கடைக்காகக் கட்டிய வெள்ளைக் கட்டடம். இப்போது லெஸ்லி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். உள்ளே குட்டிக் குட்டியாக ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைகள். குளிருக்கு ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸ் தேவாமிர்தம். ரயிலை விட்டதில் எனக்கு வருத்தமே இல்லாமல் போனது.

போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: சுரங்க ரயிலில் தட்டும் சார்லி கார்டு புறநகர் ரயிலில் செல்லாது. கைபேசிச் செயலியிலேயே டிக்கெட் வாங்கிவிடலாம். நடத்துனர் பெட்டிக்குள் வந்து பார்ப்பார்.

இந்தத் தண்டவாளத்துக்கும் வயதாகிவிட்டது. 1844இலேயே கான்கார்டு வரை போட்டுவிட்டார்கள். மறு வருடம் வால்டன் ஏரிக்கரையில் குடிசை கட்டிய எழுத்தாளர் தோரோ, பலகைக்காக இந்த ரயில் பாதையில் வேலை பார்த்த ஓர் ஐரிஷ் தொழிலாளியின் குடிலைத்தான் நாலேகால் டாலருக்கு வாங்கிப் பிரித்தார். தனிமை தேடிப் போனவருக்கும் பக்கத்திலேயே ரயில் சத்தம்!

ஏரி ஜன்னலிலிருந்தே தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் இந்த முறை முன்னாடியே ஏறி, நல்ல ஜன்னலோரமாகப் பிடித்து உட்கார்ந்தேன். லிங்கன் நிலையம் தாண்டியதும் இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவே தண்ணீர் பளபளத்தது. வலது பக்கம். நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். எதிர் இருக்கைக்காரர் மடியில் விழாத குறையாக எட்டிப் பார்ப்பதற்குள் மரங்கள் மூடிக்கொண்டன.