மூன்று நிமிட வீடியோ

என் மகள் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1.3 கிலோ. இப்போது ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் குப்புற விழலையா?"

பத்து வாரம் முந்திப் பிறந்ததால் அந்தப் பத்து வாரத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரைக்கும் இதே கணக்குதான். அப்படிப் பார்த்தால் இவள் மூன்று மாதப் பிள்ளை. அத்தைக்கு இதைப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

இவளைத் தெரபிக்குக் கூட்டிப்போக வேண்டிய ஈப்போ ரொம்பத் தூரமில்லை. ஆனால் வீட்டுக்காரர் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. அதனால் தெரபி மிஸ், வீட்டிலேயே வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். பிள்ளை விழித்திருக்க வேண்டும், அழக் கூடாது. பாயில் மல்லாக்கப் போட்டு, கை கால் தெரிய, தலையிலிருந்து பாதம் வரை மூன்று நிமிடம். சூப்பான் வேண்டாம், பொம்மை வேண்டாம், பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். முதல் தடவை அத்தை பாசத்தில் கிலுகிலுப்பையை ஆட்டிவிட்டார். அப்புறம் மறுபடி எடுத்தோம்.

வீடியோவில் மிஸ் பார்ப்பது கழுத்து, மணிக்கட்டு, கணுக்காலில் ஓயாமல் வரும் சின்னச் சின்ன அசைவுகளை. கழித்த கணக்கில் மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் இவை தெரிய வேண்டும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவரின் குழு 1997இல் 130 குழந்தைகளைப் பார்த்து எழுதியதைப் படித்தேன். இந்த அசைவு இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் நரம்புக் கோளாறு வரவில்லை. அசைவு தெரியாவிட்டால் மூளைவாதம் (மூளை பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராத நிலை) வரக்கூடும் என்று முன்கூட்டியே பயிற்சி தொடங்கலாம். இது தெரிந்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் மிஸ் போன் பண்ணினார். வழக்கமாகச் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் வீடியோ பார்ப்பாராம். பார்த்து முடித்தபின் ஒரு முறை சத்தத்தோடு ஓடவிட்டிருக்கிறார். "அசைடா தங்கம், கொஞ்சம் அசை" என்று நான் முணுமுணுத்தது அதில் பதிவாகியிருக்கிறது. எனக்கே தெரியாது.

"மணிக்கட்டைப் பாருங்கம்மா, நல்லா சுழலுது. நீங்க கெஞ்ச வேண்டாம்" என்றார். மெசேஜில் போட்டால் போதாது என்றுதான் கூப்பிட்டாராம். இந்த ஒரு வீடியோவோடு எல்லாம் முடிந்துவிடாது, தொடர்ந்து பார்ப்போம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே பாயில் படுத்தேன். அவள் சின்ன மணிக்கட்டு என் கன்னத்துக்கு நேரே சுழன்றுகொண்டிருந்தது.