ஆப்பை முதலில் பாருங்கள், சுத்தியலை அப்புறம் எடுக்கலாம்

பழைய மடக்குச் சவரக்கத்தியைப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் துருவுக்குப் பயப்படுவதில்லை. உப்புத்தாளும் பொறுமையும் இருந்தால் துரு போய்விடும். அவர்களுக்குக் கை நடுங்குவது கடைசிக் கட்டத்தில்தான்: பிடிக்கு ஆணி அடிக்கும்போது. எனக்கு அந்தப் பயம் எப்போதோ போய்விட்டது. நான் பயப்படுவது ஆப்புக்கு.

இந்தப் பிடியில் இருப்பதே கொஞ்சம்தான். இரண்டு பட்டைகள். ஒரு முனையில் கத்தியின் காம்பு, அதாவது கூர் இல்லாத அடிப்பகுதி, அவற்றுக்கு நடுவே நுழைந்து, ஓர் ஆணியை அச்சாக வைத்துச் சுழல்கிறது. மறுமுனையில் பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆப்பு. அதையும் ஓர் ஆணி பிடித்திருக்கிறது. சிலவற்றில் நடுவிலும் ஓர் ஆணி இருக்கும். அவ்வளவுதான்.

எதையும் தொடுவதற்கு முன் கூர் மேல் டேப் சுற்றிவிடுங்கள். மழுங்கிய கத்திதானே என்று விடாதீர்கள், விரலுக்கு அது போதும். பழைய ஆணியைப் பின்னாலிருந்து அடித்து வெளியேற்றக் கூடாது. தட்டி விரித்த தலை வாஷருக்கு மேலே உட்கார்ந்திருக்கும்போது அடித்தால், அடி முழுவதும் பட்டைக்குத்தான் போகும். பட்டை மாட்டுக்கொம்பு போன்ற கொம்பில் செய்தது என்றால் துளையிலிருந்து விரிசல் ஓடும். தலையை அரத்தால் ராவித் தட்டையாக்கி, நடுவில் ஒரு புள்ளி குத்தி, மெல்லிய டிரில் பிட்டால் கொஞ்சம் தோண்டினால் வாஷர் தானாகக் கழன்று வரும். அப்புறம் மெதுவாகத் தள்ளினால் போதும். இரும்பு ஆணி போட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. துருப்பிடித்த இரும்பு பருத்து, உள்ளேயே கொம்பைப் பிளந்து வைத்திருக்கும்.

பழைய பட்டையைத் திரும்பப் போடலாமா என்பது அது என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. கொம்பைப் புழு அரித்திருக்கலாம், வளைந்திருக்கலாம். வளைவைச் சரிசெய்ய வெந்நீரில் போட்டு இளக்கி, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே இறுக்கி ஆறவிடலாம். எபோனைட் என்கிற கெட்டி ரப்பர் வெளிச்சத்தில் பழுத்துப் பழுப்பாகிவிடும். மேல்தோலை லேசாகத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். செல்லுலாய்டு என்கிற பழைய பிளாஸ்டிக் மட்டும் தனி ரகம். அது சிதையத் தொடங்கினால் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது அமிலமாகும். கத்தி மடங்கியிருக்கும் இடத்தில் மட்டும் திட்டுத்திட்டாகத் துரு இருந்து, காம்பு பளபளவென்று இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பட்டையைத்தான். அந்தப் பட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுவேன், மற்ற கத்திகள் இருக்கும் பெட்டியிலும் வைக்கமாட்டேன். எளிதில் தீப்பிடிக்கிற பொருள் என்பதால் அதை வேகமான இயந்திரத்தில் தேய்ப்பதும் வேண்டாம்.

இப்போது ஆப்பு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த பழைய கத்திகளில் ஈயத்தில் வார்த்ததாக இருக்கும். எலும்பு, மரம், பித்தளை எதிலும் செய்யலாம். பார்த்தால் இடைவெளியை அடைக்கிற துண்டுபோலத் தோன்றும். அதன் உண்மையான வேலை பட்டைகளை வில்லாக வளைப்பது. கத்திப் பக்கம் பார்க்கிற முனை தடிமனாகவும் வெளிமுனை மெலிந்தும் இருப்பதால், பட்டைகள் ஆப்பிலிருந்து விரிந்து கிளம்புகின்றன. காம்புப் பக்கத்தில் ஆணி அவற்றைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. நடுவில் லேசான வயிறு விழுகிறது. கத்தி உரசாமல் உள்ளே போய்வர இடம் கிடைப்பது அதனால்தான். மடக்கும்போது விரலுக்குத் தெரிகிற அந்த மெல்லிய பிடிமானத்துக்கும் அந்த இழுவிசைதான் காரணம்.

ஆப்பின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சரிந்திருந்தால் போதும், பட்டைகள் முறுக்கிக்கொள்ளும். கத்தி ஒரு பக்கம் சாய்ந்து, கூர் போய்ப் பட்டையில் இடிக்கும். இதை ஆணியை ஓங்கி அடித்துச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, ஆப்பின் அந்த முகத்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி பொருத்திப் பார்ப்பேன். அலுப்பான வேலைதான். வேறு வழியில்லை.

பொருத்திப் பார்ப்பது ஆணியால் அல்ல, மிகச் சின்ன திருகாணியும் நட்டும் போட்டு. இரண்டு பட்டைகளையும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிச் சேர்த்தே துளைத்திருந்தால் துளைகள் நேராக அமையும். ஆணிக்கம்பியின் தடிமன் 1.6 மி.மீ., அதாவது ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு. காம்பிலுள்ள பழைய துளை தேய்ந்து அகலமாகியிருந்தால் உள்ளே மெல்லிய பித்தளைக் குழாய்த் துண்டைச் செருகிவிடலாம். திருகாணியோடு மடக்கி, மேலே இருந்து பார்க்க வேண்டும்: கத்தி முதுகின் இருபுறமும் ஒரே அளவு இடைவெளி தெரிகிறதா? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சரியென்றால்தான் அடுத்த கட்டம்.

காம்பு முழுவதையும் மெருகேற்றி முடித்திருக்க வேண்டும். பூட்டிய பிறகு உள்ளே எதுவும் நுழையாது. நான் ஆப்புப் பக்கத்தை முதலில் அடிப்பேன், காம்புப் பக்கம் அதுவரை திருகாணியிலேயே இருக்கும். ஆப்பில் பசை தடவுவதில்லை. நாளைக்கு வேறொருவர் இதைக் கழற்ற வேண்டியிருக்கும், அவர் என்னைத் திட்டக் கூடாது.

கம்பி வாஷருக்கு மேல் 0.8 மி.மீ. அளவு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதிகம் விட்டால் தலை விரியாது, கம்பி உள்ளே வளையும். முனையை அரத்தால் தட்டையாக்கிவிட்டு, உருண்டைத் தலைச் சின்னச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும், நடுவில் அல்ல. சுத்தியல் தன் எடையில் விழுந்தாலே போதும். சில தட்டுக்கு ஒருமுறை கத்தியைப் புரட்டி மறுபக்கம் தட்டினால் இரண்டு தலையும் ஒன்றாக வளரும். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அப்புறம் விளிம்பில் ஒரு மெல்லிய உதடு விழும், அது மெதுவாகக் கவிழ்ந்து வாஷரைத் தொடும். விரல் நகத்தால் வாஷரை நகர்த்திப் பாருங்கள். சுழன்றால் இன்னும் கொஞ்சம்.

காம்புப் பக்கத்தில் அவசரமே கூடாது. காம்புக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய வாஷர் வைப்பது என் பழக்கம், பழைய கத்திகள் பலவற்றில் அது இல்லையென்றாலும். சில தட்டு, ஒரு திறப்பு, ஒரு மடிப்பு. பாதி திறந்த நிலையில் கத்தி தானாக விழாமல் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். தளர்வாக இருந்தால் நாளைக்கும் தட்டலாம். இறுகிப்போனதைத் தளர்த்துவதுதான் பெரும்பாடு. பல நேரங்களில் மறுபடி அரத்தை எடுத்துத் தலையை ராவ வேண்டியிருக்கும். அச்சில் ஒரு துளி மினரல் எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். சாணைக்கல் அதற்கு அப்புறம்.