கொலுசுக்கு என்ன விகிதம்?

ஜூன் 8, ஞாயிறு

ரீஃபேஸ் டிஎக்ஸ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. யமஹா 2015-இல் வெளியிட்ட சின்ன எஃப்எம் சிந்த், அதாவது ஒரு அலையால் இன்னொரு அலையின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலி கட்டும் கீபோர்டு. 37 மினி கீ, 4 ஆபரேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி), 12 அல்காரிதம் (ஆபரேட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறை), ஒரே நேரத்தில் 8 ஸ்வரம். ஆறு பென்சில் பேட்டரி போட்டால் கரண்ட் இல்லாமலும் ஓடும். ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிறது.

இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் வாசிக்கும் கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கின்றன. ஆனால் ஆடி மாதம் அம்மன் பாட்டுக்குக் கொலுசு வேண்டுமென்றால் அதில் கிடைப்பது கிறிஸ்துமஸ் வண்டியில் கட்டும் மணிச் சத்தம்தான். ஊரெல்லாம் வெள்ளிக் கொலுசு செய்யும் சேலத்தில் அதை வாசித்தால் முன்வரிசையில் இருக்கிற பாட்டிக்கே தெரிந்துவிடும். கோயில் மணியும் அப்படித்தான். யாரோ எங்கேயோ பதிவு செய்த தேவாலய மணி.

அதனால் இந்த இரண்டையும் கலப்பில்லாத ஒற்றை அதிர்வான சைன் அலையிலிருந்து நானே கட்டப்போகிறேன். உள்ளே வருகிற 32 ஒலிகளையும் ஒரு முறை கேட்டேன். எலக்ட்ரிக் பியானோ அருமை. அப்புறம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வெறும் ஒலி ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு ஆபரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டேன். ஊ என்று ஒரே சீரான சத்தம். தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஜூன் 11, புதன்

இன்று முழுக்க ஒரே சோதனை. ஒரு ஆபரேட்டர் கேரியர். அதைத்தான் நாம் கேட்கிறோம். இன்னொன்று மாடுலேட்டர், அது நேராகக் காதுக்கு வராது, கேரியரை ஆட்டிவைக்கும். மாடுலேட்டரை நிலையான அதிர்வெண்ணில் வைத்து, நொடிக்கு 5 முறை ஆடும்படி செய்தேன். ஸ்வரம் மேலும் கீழும் அசைகிறது. பாட்டு கற்றவர்களுக்கு இது பழகிய அசைவுதான். வேகத்தை 8, 12, 20 என்று கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் காது அசைவைப் பின்தொடர்வதை நிறுத்திவிடுகிறது. அசைவு காணாமல் போகிறது, அதே இடத்தில் புதிதாக ஒரு நாதம் நிற்கிறது. நான் தொட்டது வேகத்தை மட்டும்தான். அந்தக் கணத்தை எத்தனை முறை கேட்டாலும் சிலிர்ப்பு குறையவில்லை.

இசையமைப்பாளர் ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1967-இல் கண்டது இதையேதான். விப்ராட்டோவின் வேகத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போனபோது சுருதி அசைவு நாதமாக மாறுவதைக் கேட்டார். 1973-இல் கட்டுரை எழுதினார். உரிமம் யமஹாவுக்குப் போனது, 1983-இல் டிஎக்ஸ்7 சிந்த் வந்தது. அதில் ஆறு ஆபரேட்டர், 32 அல்காரிதம். எண்பதுகளில் உலகம் முழுக்கக் கேட்ட கண்ணாடி போன்ற எலக்ட்ரிக் பியானோ பெரும்பாலும் அதன் வேலை. அதே முறை சின்னச் சின்ன சில்லுகளாகி வீடியோ கேம் பெட்டிகளுக்குள்ளும், பிற்பாடு செல்போன் ரிங்டோன்களுக்குள்ளும் போனது. என் வயதுக்காரர்கள் எஃப்எம் என்று தெரியாமலேயே அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

ஜூன் 17, செவ்வாய்

விகிதம், அதாவது ஒவ்வொரு ஆபரேட்டரும் அழுத்தும் கீயின் அதிர்வெண்ணுக்கு எத்தனை மடங்கு என்ற எண். எஃப்எம்மில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காது பழக வேண்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

கேரியரின் அதிர்வெண்ணோடு மாடுலேட்டரின் அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டும் கழித்துக்கொண்டும் போனால் வரும் எண்கள்தான் நாதத்துக்குள் இருக்கும் பகுதிகள். கேரியர் 200 ஹெர்ட்ஸ், மாடுலேட்டர் 200 என்றால் 400, 600, 800 என்று வரிசையாக எழும்பும். முழு ஹார்மோனிக் வரிசை, அதாவது அடி அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும். பித்தளை வாத்தியங்களின் குணம் இதில் இருக்கிறது. மாடுலேட்டரை இரட்டிப்பாக்கினால் 200, 600, 1000. ஒற்றைப்படை மட்டும் மிஞ்சி, நடுவில் பொள்ளலாக கிளாரினெட் வந்துவிடுகிறது. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. அப்பா அடுத்த அறையிலிருந்து "அது கிளாரினெட்தானே?" என்று கேட்டார். இரண்டு சைன் அலைதான் அது.

மாடுலேட்டரை 1.5 மடங்காக வைத்தபோது வந்தது இன்னும் சுவாரசியம். ச-வுக்கு 1.5 மடங்கு என்றால் ப. ப சேர்ந்து ஒலிக்கும் என்று எதிர்பார்த்தால், ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ச அடியில் வந்து உட்காருகிறது. கணக்குப் போட்டால் புரியும். 200-இலிருந்து 300-ஐக் கழித்தால் மைனஸ் 100. காதுக்கு மைனஸ் கிடையாது, அது 100 ஆகவே கேட்கும். கழித்தலில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது எல்லாம் இப்படி மடங்கி மேலே வந்துவிடும். இந்த மடங்கலைப் புரிந்துகொண்ட பிறகு திரையில் இருக்கும் எண்களைப் பார்த்தாலே எந்த மாதிரி ஒலி வரும் என்று ஓரளவு சொல்ல முடிகிறது.

இப்படிப்பட்ட எளிய விகிதங்களை விட்டு விலகினால் உலோகம். சௌனிங் தன் கட்டுரையில் மணிக்குக் கொடுத்த எண்கள் கேரியர் 200, மாடுலேட்டர் 280. அதிலிருந்து 480, 80, 760, 360 என்று கிடைக்கும். ஒன்றுக்கொன்று எளிய உறவில்லாத கூட்டம். காது இதை ஒரே ஸ்வரமாகச் சேர்க்க முடியாமல் "மணி" என்று சொல்லிவிடுகிறது.

ஜூன் 22, ஞாயிறு, ஏற்காடு

பேட்டரி போட்டு சிந்தைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து சேர்வராயன் கோயில். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். குனிந்து போக வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். நான் போனது மணியைக் கேட்க.

பூசாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அடிச்சுக் கேட்டுக்கப்பா, கூட்டம் வர்றதுக்குள்ள" என்றார். அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, எது முதலில் சாகிறது, எது கடைசி வரை இருக்கிறது என்று மட்டும் கவனித்தேன். நாக்கு பட்டவுடன் தெறிக்கும் கூர்மை ஒரு நொடிகூட நிற்பதில்லை. அதற்கு அடியில் ஒரு நடு நாதம் மூன்று நான்கு நொடி. எல்லாம் போன பிறகு ரீங்காரம் மட்டும் இருக்கிறது. அந்த ரீங்காரம் நேராக இல்லை, வொய்ங் வொய்ங் என்று மெதுவாகப் பெருகியும் சிறுத்தும் வருகிறது. எந்த மணியும் கச்சிதமான வட்டமாக வார்க்கப்படுவதில்லை. அதனால் ஒரே அதிர்வு மிக அருகருகே உள்ள இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று மோதி இந்த அலைச்சலைத் தருகிறது.

வெளியே பாறையில் உட்கார்ந்து அப்போதே கட்டத் தொடங்கினேன். இரண்டு ஜோடி இருக்கும் அல்காரிதம். முதல் ஜோடியில் கேரியர் 1, மாடுலேட்டர் 1.41, இது நடு நாதம். இரண்டாவது ஜோடியில் கேரியர் மறுபடி 1, மாடுலேட்டர் 3.5, இது நாக்கு படும் தெறிப்பு. இரண்டு கேரியருக்கும் நடுவில் டீட்யூன் (சிறு சுருதி விலகல்) கொஞ்சம் வைத்தவுடன் வொய்ங் வொய்ங் வந்துவிட்டது. இரண்டுக்கும் 1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் நொடிக்கு ஒரு முறை பெருகிச் சிறுக்கும், 2 இருந்தால் இரண்டு முறை. உள்ளே இருக்கும் மணியோடு ஒத்துப்போகும் வரை ஸ்லைடரைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மேலே பனி, கீழே சேலம் தெரியவில்லை.

ஜூன் 25, புதன்

மலையில் கட்டிய மணியை வீட்டில் ஹெட்போனில் கேட்டேன். எலும்புக்கூடு சரி. உயிர் என்வெலப்பில்தான், அதாவது ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பதில்தான் இருக்கிறது.

யமஹா என்வெலப் மற்ற சிந்த்களைப் போல இல்லை. நான்கு லெவல், நான்கு ரேட். ரேட் என்பது நேரமில்லை, வேகம். எண் கூடினால் சீக்கிரம் முடியும். மணிக்கு மூன்றாவது லெவல் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலை எடுக்கும் வரை மணி ஆர்மோனியம் மாதிரி நின்றுகொண்டே இருக்கும். நான்காவது ரேட்டும் மெதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலை எடுத்தவுடன் அறுந்துவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம், கேரியரின் என்வெலப் சத்தத்தின் அளவைத் தீர்மானிக்கிறது, மாடுலேட்டரின் என்வெலப் நாதத்தின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. எஃப்எம்மில் ஃபில்டர் (நாதத்தின் பகுதிகளை வடிகட்டும் பகுதி) தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். தட்டிய உலோகத்தில் மேல் பகுதிகள் பெரும்பாலும் முதலில் அடங்கும். அதனால் மாடுலேட்டர் கேரியருக்கு முன்பே இறங்க வேண்டும். 3.5 மாடுலேட்டரை அரை நொடிக்குள் இறக்கினேன். 1.41-ஐ நான்கு நொடிக்கு நீட்டினேன். கேரியர் இரண்டும் அதற்கு மேல் பல நொடி. அவ்வளவுதான், பூசாரி அடிக்கச் சொன்ன மணி மேசைமேல் இருக்கிறது.

மாடுலேட்டரின் லெவலைத் தொடும்போதெல்லாம் வால்யூமைத் தொடுவதாக நினைக்கிறவர்கள்தான் எஃப்எம் கஷ்டம் என்கிறார்கள். கஷ்டமில்லை. கேட்கும் இடம் வேறு, அவ்வளவே.

ஜூலை 2, புதன்

ஃபீட்பேக் பார்த்தேன். ஆபரேட்டர் தன்னைத்தானே ஆட்டிக்கொள்வது. டிஎக்ஸ்7-இல் ஒரு அல்காரிதத்துக்கு ஓரிடத்தில்தான் இது உண்டு. ரீஃபேஸில் நான்கு ஆபரேட்டருக்கும் தனித்தனியாக உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் ரம்பப்பல் அலை, மறுபக்கம் சதுர அலை. எல்லைவரை தள்ளினால் இரைச்சல். நாகஸ்வரம் முயன்றேன். நாதம் பக்கத்தில் வருகிறது, ஆனால் சீவாளியில் உதடு செய்வதைப் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் நெம்புகோல் செய்வதில்லை. விட்டுவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

செவ்வாய்ப்பேட்டையில் பெரியப்பாவின் கொலுசுப் பட்டறைக்குப் போனேன். சின்ன வயதிலிருந்து போகிற இடம், ஆனால் கேட்பதற்கென்று போனது இப்போதுதான்.

"பெரியப்பா, கொலுசு சத்தம் எதுல இருக்கு?"

"முத்துக்குள்ள போடற பரல்ல இருக்கு. எத்தனை பரல், என்ன அளவு, முத்து வாய் எவ்வளவு திறந்திருக்கு, இதுதாம்ப்பா. ஒரே மாதிரி ரெண்டு முத்து கெடையாது."

ஒரு கொலுசை எடுத்து மெதுவாகக் குலுக்கினார். அடுத்து ஒரு முத்தை மட்டும் விரலால் பிடித்து ஆட்டினார். தனி முத்து ஒரு சின்ன டிக். மணி போல நீளவில்லை, வந்தவுடன் போய்விட்டது. கொலுசு என்று நாம் கேட்பது அந்த டிக்குகள் பல சீரில்லாமல் அடுத்தடுத்து விழுவதை. கூடவே வெள்ளிக் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய சரசரப்பு. நான் இதுவரை கொலுசை ஒரு ஒலியாகவே நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன், பெரியப்பா அதைப் பல ஒலிகளாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

கொலுசு வந்துவிட்டது.

1,046 ஹெர்ட்ஸ் உள்ள கீயை எடுத்துக்கொண்டேன். கேரியர் விகிதம் 4, அதாவது சுமார் 4,186 ஹெர்ட்ஸ். மாடுலேட்டரை முதலில் 2.72 வைத்தேன். கழித்தலில் வரும் பகுதி 1,300 பக்கத்தில் விழுந்து, டம்ளரைத் தட்டியது போல் கேட்டது. கொலுசுக்குக் கீழே உடம்பு இருக்கக் கூடாது. அப்படியானால் மாடுலேட்டரைக் கீழே கொண்டுபோக வேண்டும். 0.57 வைத்தேன். அது சுமார் 596 ஹெர்ட்ஸ். இப்போது பகுதிகள் 3,590, 4,782, 2,994, 5,378 என்று கேரியரைச் சுற்றியே நெருங்கி நிற்கின்றன. பல முத்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நெரிசல் அப்படியே கேட்கிறது. மணிக்கு மாடுலேட்டரை மேலே வைத்தோம், கொலுசுக்குக் கீழே. இந்த ஒன்றை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது ஜோடியில் ஒரு ஆபரேட்டரின் ஃபீட்பேக்கை எல்லைவரை தள்ளி, மிகக் குறைந்த லெவலில் கண்ணி உரசும் சரசரப்பு. எல்லா என்வெலப்பும் குட்டை.

அடுத்த கேள்வி, சீரில்லாமல் விழுவது எப்படி? எல்எஃப்ஓவை (சீராக, மெதுவாக ஆட்டும் அலை) வைத்து ஆட்டிப் பார்த்தேன், இயந்திரம் குலுக்குவது தெரிந்தது. பக்கத்துப் பக்கத்து மூன்று கீகளை இரண்டு விரலால் தளர்வாக உருட்டினால் போதும். ஒவ்வொரு கீயும் வேறு முத்து, ஒவ்வொரு தட்டும் வேறு அழுத்தம். மாடுலேட்டருக்கு வெலாசிட்டி கொடுத்திருப்பதால் அழுத்தத்துக்கு ஏற்ப நாதமும் மாறுகிறது. நடக்கிற கால், ஓடுகிற கால், ஆடுகிற கால் மூன்றையும் விரலிலேயே காட்ட முடிகிறது. பதிவு செய்து வைத்த சாம்பிளில் இதற்கு வழியே இல்லை.

போனில் பதிவு செய்து பெரியப்பாவுக்கு அனுப்பினேன். "முத்து கொஞ்சம் பெருசு" என்று பதில் வந்தது. கேரியரை 5 ஆக்கி மறுபடி அனுப்பினேன். "இப்ப சரி."

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

நேற்று சேலத்தில் குகை என்ற பகுதியில் ஒரு தெருவில் கச்சேரி. அம்மன் பாட்டில் மணியும் கொலுசும் இரண்டுமே இதிலிருந்து. மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கொலுசை வாசிக்க முடியாது, ஒலியை மாற்ற வேண்டும். அதனால் மணியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் லூப்பர் பெடலில் பதிந்து விட்டுவிட்டு மேலே கொலுசை உருட்டினேன். மணியை அடுத்தடுத்து வேகமாக அடித்தால் ஒன்பதாவது அடியில் முதல் அடியின் ரீங்காரம் அறுபடுகிறது, எட்டு ஸ்வரம்தான் என்பதால். மேடையில் அது தெரியவில்லை. ஹெட்போனில் தெரியும்.

ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கைக்கு முன் உடுக்கை ஒன்று கட்டிவிட வேண்டும். பிட்ச் என்வெலப்பை இன்னும் தொடவே இல்லை, அது இதற்குத்தான் வேண்டும்: இடுப்புக் கயிற்றை அழுத்தும்போது சுருதி ஏறி இறங்குகிறதே, அது. நாளை உடுக்கை அடிப்பவர் ஒருவரைப் பார்க்க அம்மாப்பேட்டை போகிறேன்.