சனிக்கிழமை மதியம் 2 மணியிலிருந்து படியுங்கள்

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படித்தபோது, தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்து பற்றிய தாளில் முதல் தடவை நான் தேறவில்லை. பொதுச் சுகாதாரம், விளையாட்டு இரண்டின் வளர்ச்சியையும் சேர்த்துக் கேட்டிருந்த பெரிய கேள்விக்குப் பாதிப் பக்கம் காலரா, மீதிப் பக்கம் கால்பந்து என்று எழுதி வைத்தேன். இரண்டுக்கும் என்ன உறவு என்று ஒரு வரிகூட இல்லை.

அடுத்த தடவை ஆண்டுகளைத் தொடுவதற்கு முன், ஒரு மில் தொழிலாளியின் வாரத்தை நோட்டில் எழுதிப் பார்த்தேன். எங்கே தூங்குவார், எங்கே குளிப்பார், எப்போது கை ஓயும்? நீங்களும் அப்படித் தொடங்குங்கள்.

தூங்கும் இடத்துக்கு, தொழிலாளர்களின் சுகாதார நிலை பற்றிச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் எழுதிய 1842 அறிக்கை போதும். மான்செஸ்டரில் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 17. அதே ஊரின் வசதியானவர்களுக்கு 38. ரட்லாண்ட் என்ற கிராமப்புறப் பகுதியில் தொழிலாளர்களுக்கே 38. அதாவது, மான்செஸ்டர் பணக்காரரும் ரட்லாண்ட் கூலியாளும் ஒரே கணக்கு! இங்கே ஒரு எச்சரிக்கை: எல்லோரும் 17 வயதில் செத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். குழந்தைச் சாவுகள்தான் சராசரியை அவ்வளவு கீழே இழுத்தன.

அப்புறம் 1846. பொதுக் குளியலறை, துணி துவைக்கும் கூடங்களுக்கான சட்டம் வந்ததும், மான்செஸ்டர், சால்ஃபோர்டு பகுதியில் மூன்று பொதுப் பூங்காக்கள் திறந்ததும் அந்த ஆண்டுதான். 1848, 1875 பொதுச் சுகாதாரச் சட்டங்கள் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும். உடம்பைப் பற்றிய கவலை நகரத்துக்குள் திறந்த வெளியைக் கொண்டுவந்தது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சரி, இடம் கிடைத்தது, நேரம்? 1850 தொழிற்சாலைச் சட்டப்படி பெண்களுக்கும் இளையவர்களுக்கும் சனிக்கிழமை 2 மணிக்கு வேலை முடிய வேண்டும். அவர்கள் இல்லாமல் ஜவுளி மில் ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. சனிக்கிழமை 3 மணிக்குக் கால்பந்து ஆட்டம் என்ற வழக்கம் இந்த ஓய்வை ஒட்டி வளர்ந்ததுதான்.

1863இல் கால்பந்துச் சங்கம் அமைத்து விதிகளை எழுதியவர்கள் மேல்தட்டுப் பள்ளிகளில் ஆடிப் பழகிய கனவான்கள். இருபதே ஆண்டில் ஆட்டம் கை மாறியது. அந்தச் சங்கம் நடத்திய கோப்பைப் போட்டியின் 1883 இறுதியாட்டத்தில், ஈட்டன் என்ற மேல்தட்டுப் பள்ளியின் பழைய மாணவர் அணியை நெசவாளர்களும் இரும்பு வார்ப்படத் தொழிலாளிகளும் இருந்த பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி 2-1 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. பயிற்சிக்காக முன்கூட்டியே பிளாக்பூல் கடற்கரையில் போய்த் தங்கிய அணி அது. சம்பளத்துக்கு ஆடுவது 1885இல் அனுமதிக்கப்பட்டது, 1888இல் லீக், அதாவது அணிகள் ஒன்றோடொன்று முறைவைத்து ஆடும் தொடர் போட்டி, தொடங்கியது. அதன் 12 அணிகளையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: வடமேற்கில் மில்கள் நிறைந்த லங்காஷயரில் ஆறு, நடு இங்கிலாந்தான மிட்லண்ட்ஸில் ஆறு, லண்டனுக்கு ஒன்றுகூட இல்லை. தேர்வில் இந்த வரைபடத்தைப் பென்சிலில் போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்கினேன்.

விடையின் கடைசிப் பத்தியை ஒரு கேள்விக்காக ஒதுக்கினேன். அந்த 2 மணிச் சட்டம் பெண்களின் பெயரில் வந்தது. ஆனால் மைதானம் பெரும்பாலும் ஆண்களால்தான் நிரம்பியது. மில்லிலிருந்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்குச் சனிக்கிழமை மதியம் துவைக்கவும் தேய்க்கவும் ஆகிப்போனது.