'தமிழ்' என்ற சொல்லை வைத்துத் தமிழைச் சோதிக்காதீர்கள்

எங்கள் அலுவலகத்தில் 32 பேர். தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சிங்கப்பூரில் உபி வட்டாரத்துப் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் 5-ஆவது மாடியில் இருக்கிறோம். கட்டட முகப்பிலும் காத்திருப்புக் கூடங்களிலும் மாட்டுகிற அறிவிப்புத் திரைகளுக்கு மென்பொருள் எழுதுவது, பராமரிப்பது, இரவு 11 மணிக்கு எங்கேயாவது ஒரு திரை கறுத்துப்போனால் டாக்சி பிடித்து ஓடுவது, இவ்வளவும் எங்கள் வேலை. சிங்கப்பூரில் ஆட்சிமொழிகள் நான்கு என்பதால் திரைகளிலும் பெரும்பாலும் நான்கு மொழிகள் வரும். ஆங்கிலத்தையும் சீனத்தையும் மலாயையும் சரிபார்க்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. தமிழ் என்றால் என் மேசைக்குத்தான் வர வேண்டும், ஆனால் ரொம்ப நாள் அது வராமலேயே போய்க்கொண்டிருந்தது.

மூன்று வருடம் இருக்கும். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முந்தின நாள் மாலை, புதிய வரிசை எண் பலகையைச் சந்திப்பு அறையில் மாட்டி ஓடவிட்டிருந்தார்கள். எனக்கு அதில் வேலை இல்லை. கோப்பி எடுக்கப் போகிற வழியில் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன், அங்கேயே நின்றுவிட்டேன். "உங்கள் எண் அழைக்கப்பட்டதும் மருந்து பெறும் இடத்திற்குச் செல்லவும்" என்று இருக்க வேண்டிய வாக்கியம். 'உங்கள் எண்' வரைக்கும் ஒழுங்காக இருந்தது. 'அழைக்க' என்பதில் ழகரத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய சங்கிலிக்கொம்பு வலப்பக்கம் தாண்டிப்போய்ப் பக்கத்துக் ககரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, படித்தால் 'அழகை' என்று ஏதோ ஆரம்பிக்கிறது. 'பெறும்' என்பதன் ஒற்றைக்கொம்பு பகரத்தை விட்டுவிட்டு றகரத்துக்கு முன்னால் நிற்கிறது. 'செல்லவும்' என்பதிலும் அதே கதி. 'மருந்து' என்பதில் துகரம் துகரமாகவே இல்லை. தகரம் தனியாக, உகரக் குறி தனியாக, இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி.

மருந்துக்காகக் காத்திருக்கிற ஒரு பெரியவர், கையில் எண் சீட்டோடு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு இதைப் படிக்க முயற்சி செய்வார். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். எனக்கு அந்த நினைப்புத்தான் முதலில் வந்தது, கோபம் அப்புறம்தான் வந்தது.

உள்ளே போய்ச் சொன்னேன். சோதனை செய்த பெண் சீனர், எங்கள் அலுவலகத்திலேயே மிகக் கவனமான ஆள். தன் சோதனைத் தாளைத் திறந்து காட்டினார். தமிழுக்கு இரண்டு சொற்கள் வைத்திருந்தார்: 'தமிழ்', 'வணக்கம்'. மூலத்தைப் படமாக எடுத்து வைத்து, திரையில் வந்ததோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டும் சரியாக இருந்தன. அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது, மொழி தெரியாமலேயே அவ்வளவு பொறுமையாகச் செய்திருந்தார். சிக்கல் அந்த இரண்டு சொற்களில்தான். இரண்டையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு இல்லை, இரட்டைக்கொம்பு இல்லை, சங்கிலிக்கொம்பு இல்லை, உகரமும் இல்லை. மெய்யும் புள்ளியும் ஒரு இகரமும்தான். இடமிருந்து வலமாக அப்படியே அடுக்கினாலே ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். உலகம் முழுக்க மென்பொருள்காரர்கள் தமிழைச் சோதிக்க எடுக்கிற முதல் சொல்லும் இரண்டாவது சொல்லும் இவைதான், எதையும் சோதிக்காத இரண்டு சொற்கள்.

எனக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரிந்ததற்குக் காரணம் என் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஒரு சின்னப் பலகை. அப்பா போன பிறகு அம்மா எங்களோடு ஹவ்காங்கில் வந்து இருக்கிறார். வாரம் இரண்டு தடவையாவது தேக்கா சந்தைக்குப் போக வேண்டும், வெள்ளிக்கிழமை என்றால் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில். 147-ஆம் எண் பேருந்து. கைப்பேசியில் செயலி போட்டுக் கொடுத்தேன், எழுத்து பொடியாக இருக்கிறது, அதிலும் ஆங்கிலம் என்று ஒதுக்கிவிட்டார். நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்துக் கேட்பார்: "தம்பி, 147 வருதா, போயிருச்சா?" சில நாள் சந்திப்பில் இருக்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டும் கேட்பார்.

சரி, ஒன்று செய்து கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். சிம் லிம் டவரில் ராஸ்பெரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினி ஒன்றும் கம்பிகளும் வாங்கினேன், முஸ்தபா கடையில் ஒரு புகைப்படச் சட்டம். திரைக்கு மின்தாள், புத்தகம் படிக்கிற கருவிகளில் இருக்குமே அந்த வகை, 7.5 அங்குலம், 800க்கு 480 புள்ளிகள். மின்தாளின் அழகு என்னவென்றால் அது வெளிச்சம் உமிழாது. உள்ளே நுண்ணிய குமிழ்களில் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன, மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அதன்பின் மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுத்து அப்படியே நிற்கும். சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரிதான் தெரியும். நாள் முழுக்கத் திரைகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டிலும் ஒளிர்கிற இன்னொரு திரை வேண்டாம் என்று பட்டது.

பேருந்து வருகை விவரத்தை நிலப் போக்குவரத்து ஆணையமே டேட்டாமால் என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. பதிவு செய்து, கடவுச்சொல் மாதிரி ஒரு திறவுகோல் வாங்கிக்கொண்டு, நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு தடத்திலும் அடுத்து வரும் மூன்று பேருந்துகளின் நேரம் கிடைக்கும். கூடவே கூட்டம் எவ்வளவு என்பதும்: உட்கார இடம் உண்டா, நிற்க இடம் உண்டா, நெரிசலா. அம்மாவுக்கு நேரத்தைவிட இதுதான் முக்கியம். முழங்கால் வலிக்காரருக்கு 4 நிமிடத்தில் வரும் நெரிசல் வண்டியைவிட 13 நிமிடத்தில் வரும் காலி வண்டி மேல்.

பைத்தான் நிரல்மொழியில் 60, 70 வரி எழுதினேன், முதல் நாள் இரவே எண்கள் வந்துவிட்டன. தமிழ்தான் வரவில்லை. 'பேருந்து' என்பதில் இரட்டைக்கொம்பு ருகரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. எழுத்துருவை மாற்றினேன், நோட்டோ போட்டேன், லதா போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மூன்று வாரம் போயிற்று. பிள்ளைகள் தூங்கின பிறகு, சமையலறை மேசையில், 10 மணியிலிருந்து 12 வரை.

அந்த மூன்று வாரத்தில்தான் என் மொழி கணினிக்குள் எப்படிக் குடியிருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற பொதுப் பட்டியலான யூனிகோடில் தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு கட்டம். நம்முடைய 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. 'பெ' என்று ஓர் எழுத்து அங்கே இல்லை, பகரம் ஒன்று, எகரக் குறி ஒன்று, அந்த வரிசையில். நாம் கையால் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம், நாக்கு பகரத்தைத்தான் முதலில் சொல்கிறது, கணினி நாக்கின் பக்கம் நிற்கிறது. ஆகவே திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க ஒருவர் வேண்டும். தகரத்தையும் உகரக் குறியையும் சேர்த்துத் 'து' என்ற ஒரே உருவமாக்கவும் ஒருவர் வேண்டும். அந்த வேலையை உலாவியிலும் கைப்பேசியிலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பது ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல்தான். பெயர் பாரசீகம். 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்த; ஓப்பன்டைப் என்ற எழுத்துரு வகையின் பெயரைப் பாரசீகத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். திரைக்கான படத்தை வரைய நான் பயன்படுத்திய பில்லோ என்ற நிரல், ரக்ம் என்ற இன்னொரு நிரல் வழியாகத்தான் அதை அழைக்கும். ரக்ம் நிறுவப்பட்டிருக்கவில்லை என்றால் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று திரும்பிவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும், நமக்குப் போதாது.

என் பெட்டியில் ரக்ம் இல்லை, நிறுவினேன். இரட்டைக்கொம்பு தன் இடத்துக்கு வந்தது. நள்ளிரவில் சத்தம் போட்டு 'பேருந்து' என்று படித்தேன்.

அலுவலகப் பலகையும் அதே நோய்தான். சந்திப்பு அறையில் மடிக்கணினியைத் திறந்து மேலாளரிடமும் அந்தப் பெண்ணிடமும் காட்டினேன். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குக் கொம்பு எதற்கு முன்னால் வரும் என்பதை எப்படிப் புரியவைப்பது? வெள்ளைப்பலகையில் 'தங்கள் பெயர்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் இரண்டை இடம் மாற்றி எழுதி, வாடிக்கையாளரின் கட்டட முகப்பில் இப்படி ஒரு மாதம் தொங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மேலாளர் உடனே வெளியீட்டை நிறுத்தினார். சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் அதற்கு முந்தின இரண்டு வருடத்தில் நாங்கள் மாட்டின பலகைகள் என்ன ஆயின என்ற கேள்வி என்னை விடவில்லை. பழைய நிறுவல்களை ஒவ்வொன்றாகத் தோண்டினேன். மூன்று இடங்களில் இதே போலச் சிதைந்த தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் 14 மாதம். யாரும் புகார் கொடுக்கவில்லை. தமிழர்கள் பார்த்திருப்பார்கள், நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார்கள், பக்கத்திலேயே ஆங்கிலம் இருக்கிறதே என்று அதைப் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத என் அம்மா மாதிரி ஆட்கள் பக்கத்தில் யாரிடமாவது கேட்டிருப்பார்கள். அந்த 14 மாதத்துக்கு நானும் பொறுப்பு. அதே தளத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம்.

இந்த ஊருக்கு இது பொருந்தாது என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது. தமிழை இணையத்துக்குக் கொண்டுபோனதில் முன்னால் நின்ற ஊர்களில் இது ஒன்று. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் அதில் இருந்தது. அதற்காக உழைத்தவர் நா. கோவிந்தசாமி. கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர், 1997-இல் தமிழ் இணைய மாநாட்டை இங்கே கூட்டியவர். 1999-இல் காலமானார். யூனிகோட் பரவலாகாத காலம், ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியாக்கம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படிப்பட்ட நாளில் அவர்கள் செய்ததை, எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற நாளில் நாம் கோட்டைவிடலாமா?

இப்போது எங்கள் சோதனைத் தாளில் 'தமிழ்', 'வணக்கம்' கிடையாது. நான் எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியம் இருக்கிறது: "தேக்காவில் கீரையும் கொத்தமல்லியும் வாங்கிய ஸ்ரீரங்கத்துப் பெரியம்மா பௌர்ணமிக்குள் வீடு போய்ச் சேர்ந்தாரா?" கொம்பு வகை எல்லாம் இதில் வந்துவிடும். 'பௌ' எதற்கென்றால், பலர் அங்கே ஒற்றைக்கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டிவிடுவார்கள், கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், தேடினால் அகப்படாது. 'ஸ்ரீ' எதற்கென்றால் அதை ஸகரத்தோடும் சேமிக்கலாம், ஶகரத்தோடும் சேமிக்கலாம் என்று இரண்டு வழி உண்டு, 2005-இல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்ததிலிருந்து. அந்தப் பெண் இப்போது இந்த வாக்கியத்தைப் பார்த்தே, படிக்கத் தெரியாமலே, கீரையின் கொம்பு இடம் மாறியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். போன மாதம் அப்படி ஒன்றை என்னை அழைக்காமலே பிடித்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வீட்டுப் பலகையில் இன்னொரு வேலை சேர்ந்திருக்கிறது. கடைசிப் பேருந்து போனபின் விடியும்வரை அது சும்மாதானே இருக்கிறது, அந்த நேரத்தில் ஒரு சிக்குக்கோலம் போடட்டும் என்று நினைத்தேன். கோலத்துக்கும் கணினிக்கும் பழைய உறவு உண்டு. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970-களிலேயே கோலங்களுக்கு இலக்கணம் வகுத்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். என்னுடையது எளிய முறை: 7 நேர்ப்புள்ளி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கம்பி குறுக்கே போகலாமா விலகிப் போகலாமா என்று நிரல் முடிவு செய்யும், பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக மடிக்கும். தினமும் ஒரு புதுக் கோலம். இரண்டு வாரம் ஓடியது, எனக்கு எல்லாம் அழகாகவே தெரிந்தன.

ஒரு நாள் காலை 5.30 இருக்கும், அம்மா பல் விளக்கிவிட்டு வந்தவர் பலகை முன்னால் நின்றார். விளக்கைக்கூடப் போடவில்லை, நடைபாதை வெளிச்சம் சன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, இது தப்பா இருக்கே."

"எங்கம்மா?"

"மூணாவது வரிசையில அந்த ஓரப் புள்ளி பாரு. கம்பி அதைச் சுத்தாமலே போயிருச்சு. அது தனியா நிக்குது."

கிட்டப் போய் மூக்கு முட்ட நின்று எண்ணினேன். ஆமாம், ஒரு புள்ளி வெளியே நின்றது. மடிக்கிற இடத்தில் என் நிரலில் ஓரக்கட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறேன். முந்தின நாள் படத்தைத் திறந்தேன், அதிலும் அதே புள்ளி. அதற்கு முந்தின நாளும். இதை முன்னாலேயே பார்த்தீர்களா என்று கேட்டேன். முதல் நாளே பார்த்தாராம், நீ ஆசையாகப் போட்டிருக்கிறாய் என்று சொல்லவில்லையாம்.

அப்புறம் தமிழ் முரசு நாளிதழின் ஓரத்தில் பேனாவால் 49 புள்ளி வைத்து, எங்கே ஆரம்பித்தார் என்று நான் கவனிப்பதற்குள் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். "மெதுவா, மெதுவா, இன்னொரு தடவை" என்றேன். மறுபடி முதல் புள்ளியிலிருந்து ஆரம்பித்தார். 6.10-க்குப் பலகையில் 147 வந்தபோதும் நாங்கள் மேசையில்தான் இருந்தோம்.